முதலாம் ஆண்டு அன்ரி

பல்கலைக்கழகத்தில் பியர் மென்டர், அதாவது மூத்த மாணவ வழிகாட்டி வேலை என்றால் வேறொன்றுமில்லை, இரண்டு வருடம் வழி தெரியாமல் சுற்றியவனுக்கு ஒரு மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டு என்று அனுப்புவதுதான். மெல்பர்னில் நான் மூன்றாம் ஆண்டில் அதை மாட்டிக்கொண்டேன். முதலாம் ஆண்டு மத்தியானங்களில் தனியாக உட்கார்ந்து, வராத மெசேஜை மும்முரமாகப் படிப்பதுபோல் நடித்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

அம்மா வயதில் ஒரு புதுமுகம்

எங்கள் ஒருங்கிணைப்பாளர் லிண்டாவுக்கு ஒரு பழக்கம். நீளமான குடும்பப் பெயரைக் கண்டால், எந்தத் துறையானாலும் என் தலையில் கட்டிவிடுவார். அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஜெசிந்தா அன்ரி. இலங்கை மன்னார்க்காரர். ஸ்பிரிங்வேலில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை, ஐம்பது வயதுக்கு மேல் சோஷியல் வொர்க் முதலாம் ஆண்டு. எங்கள் திருச்சியில் ஆன்ட்டி என்போம். அவர் ஊரில் அது அன்ரி.

முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஏன் இங்கே சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். ஒரு பையன், டிராம் வாசலிலேயே நிற்கிறது என்றான். அன்ரி, தன் மகள் ஷெரின் இங்கே படித்தவள் என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்புறம் என்ன ஆன்ட்டி, எல்லாத்தையும் அவங்களே சொல்லிக் கொடுத்திருப்பாங்களே!" என்று முந்திரிக்கொட்டை மாதிரி கேட்டுவைத்தேன். அன்ரி என் மஞ்சள் சட்டையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவ எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, தம்பி."

சுற்றிக் காட்டும் படலம்

வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதில் நான் கில்லாடி. நூலகம், அடிக்கடி மக்கர் செய்யும் பிரிண்டர், சுமாரான காபி, அதைவிடச் சுமாரான காபி என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். மற்றவர்கள் காபி எங்கே மலிவு, லெக்சரில் அட்டெண்டன்ஸ் உண்டா என்று கேட்டார்கள். அன்ரி எதையும் கேட்காமல் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு பெஞ்சையும் நின்று பார்த்தார்.

கடைசியில் வழக்கம்போல, யாருக்காவது சந்தேகம் உண்டா என்றேன். அன்ரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். எல்லாரும் திரும்பினார்கள். எனக்குத் தெரியாத இடம் இந்த வளாகத்தில் இல்லை என்ற தெனாவட்டில் நின்ற என்னிடம் அவர் கேட்டது இதுதான்:

"ஃபிரெண்ட்ஸ் இல்லாத பிள்ளையள் மத்தியானம் எங்க இருந்து சாப்பிடுறவை, தம்பி?"

காதைக் கொடு

எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தது மூன்றே விஷயம். அறிவுரை சொல்லாதே. காதைக் கொடு. பெரிய பிரச்சினை என்றால் கவுன்சிலரிடம் அனுப்பிவிடு. அன்ரி லெக்சருக்குப் போகாமல் கேன்டீனில் உட்கார்ந்து பிள்ளைகள் சாப்பிடுவதையே பார்க்கிறார் என்று தெரிந்ததும், எதிரே போய் உட்கார்ந்து காதைக் கொடுத்தேன்.

ஷெரின் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலாம் ஆண்டு முடியும் நேரம், மழை நாளில் வீடு திரும்பும்போது கார் விபத்து. செத்தவீட்டுக்குத் தேவாலயத்து ஆட்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தவர் வந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்ரிக்கு அதுதான் விளங்கவில்லை. தன் நண்பர்களுக்கும் சேர்த்து என்று சொல்லி, ஷெரின் தினமும் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் நிறையக் கட்டிக்கொண்டு போவாளாம். டப்பா சாயந்தரம் காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வருமாம்.

சொல்லிக்கொண்டே அன்ரி பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். நீல மூடி. அதன் ஓரத்தில், அடுப்பில் பட்டு உருகிய பிறை மாதிரி ஒரு வடு. அன்ரி சொன்னார்:

"வீட்டில அவ ஒரு கோப்பை கழுவமாட்டா, தம்பி. டப்பா கழுவி வரேக்க, பிள்ளைக்கு நல்ல சிநேகிதம் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சனான். அப்ப அதைக் கழுவினது ஆர்?"

கவுன்சிலரிடம் அனுப்ப முடியாதது

கழுவியது நான்.

மாணவர் சங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது ஃப்ரிட்ஜ் இருக்கிறது. மிச்சம் இருப்பவர்கள் வைக்கலாம், பசிக்கிறவர்கள் எடுக்கலாம், யாரும் யாரையும் கேட்பதில்லை. டப்பாவைக் கழுவி ஃப்ரிட்ஜின் தலையில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நானும் ஷெரின் சேர்ந்த அதே வருடம்தான் வந்தவன். ஊரிலிருந்து வந்த புதிதில் அந்த நீல மூடிதான் என் மத்தியானச் சாப்பாடு. சம்பல் உறைப்பு உச்சி மண்டையில் ஏறும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்துக் குழாயில் தண்ணீராகக் குடிப்பேன். கொஞ்ச நாளில் உறைப்பே தெரியவில்லை. நாக்கு பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். வருடக் கடைசியில் டப்பா வருவது நின்றது. வைத்தவர் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

இதை எப்படி அன்ரியிடம் சொல்வது? மகளுக்கு ஒரு சிநேகிதம் இருந்தது என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம், கழுவி வந்த டப்பா. சொன்னால் அதுவும் போய்விடும். உங்கள் மகள் யாரோடும் சாப்பிடவில்லை, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள் என்று ஒரு தாயிடம் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் அந்தக் கேன்டீனிலேயே உட்கார்ந்திருப்பார். லிண்டாவிடம் போய், இந்த விஷயத்தை யாரிடம் அனுப்புவது என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பதில் உன்கிட்ட இருக்கும்போது, அந்த அம்மாவை வேற யார்கிட்ட அனுப்புவே?"

குழாயடி

மறுநாள் அன்ரியைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஃப்ரிட்ஜைக் காட்டினேன், குழாயைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரி அழவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்தார். யாரோ வைத்த பாதிப் பீட்சா இருந்தது.

"ஒரு நாளும் அவளைக் காணேல்லையா நீங்கள்?"

"இல்ல ஆன்ட்டி. எடுக்கிறப்போ யாரும் பார்த்துடக் கூடாதுன்னு நான் தலையே நிமிர மாட்டேன்."

குழாய்க்கு எதிரே, தூணுக்கு அந்தப் பக்கம், ஒருவர் மட்டும் உட்காரும்படி ஒரு ஜன்னல் மேடை இருக்கிறது. சுற்றிக் காட்டும்போது நான் யாருக்கும் அதைக் காட்டியதில்லை. அன்ரி நேரே போய் அதில் உட்கார்ந்தார். அங்கிருந்து குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"'அம்மா, சம்பலுக்கு உறைப்பைக் குறையுங்கோ, என்ர ஃபிரெண்ட் ஒருத்தன் சாப்பிட்டுட்டுத் தண்ணியாக் குடிக்கிறான்' எண்டு சொன்னவ. நானும் குறைச்சுத்தான் போட்டனான். அது நீங்கள்தானா, தம்பி?"

புதிதாக வருகிறவர்களுக்குச் சிநேகிதம் தேடிக் கொடுப்பதுதான் இந்த மஞ்சள் சட்டைக்காரனின் வேலை. இவனுக்கே ஒரு சிநேகிதி இருந்தாள் என்பதை ஒரு முதலாம் ஆண்டு அன்ரி வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.