கடைசியாக வரைந்த உதடுகள்

நம்பினால் நம்புங்கள். இது என் தங்கையின் கணவருக்கு நிஜமாக நடந்தது. மனிதருக்குப் பொய் சொல்ல வராது. தையல் வேலை செய்கிறவர், அதனால் எங்களுக்கு அவர் 'டெய்லர்'.

தங்கை விபத்தில் போய்விட்டாள். அவள் படங்கள் இருந்த ஒரே போனும் அவளோடு நொறுங்கிவிட்டது. கேமராவைக் கண்டாலே முகத்தைப் பொத்திக்கொள்கிறவளுக்கு வேறு படம் ஏது? கல்யாணப் படத்தில்கூட முகத்துக்கு முன்னால் கைதான் தெரியும். ஐந்து வயது மகள் கேட்க ஆரம்பித்தாள்: "அம்மா எப்படிப்பா இருப்பாங்க?" டெய்லருக்கே அந்த முகம் மங்கிக்கொண்டு வந்தது.

அதனால்தான் ஞாயிறு மதிய ஓவிய வகுப்பில் சேர்ந்தார். சில வாரம் கண், சில வாரம் மூக்கு, அப்புறம் உதடு. தனித்தனியாக எல்லாம் அச்சு அசலாக வந்தன. சேர்த்தால் மட்டும் என் தங்கை வரவில்லை. ஒரு தடவை காகிதத்தில் எங்கள் வீட்டு ஓனர் வந்து நின்றார். நான் சிரித்துவிட்டேன். டெய்லர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, ஒரு பெண்ணை நடுவில் உட்கார வைத்து, சுற்றி அமர்ந்து வரைந்தார்கள். தாமதமாகப் போன டெய்லருக்கு அவள் முதுகுப் பக்கம்தான் கிடைத்தது. பின்னந்தலையும் காதும் கழுத்தும் மட்டும் தெரிந்தன.

"தெரியறதை மட்டும் வரைங்க," என்றார் மாஸ்டர்.

டெய்லர் காதை முடித்து நிமிர்ந்தார். பின்னந்தலையில், முடிக்கு நடுவே... ஒரு கண்.

என் தங்கையின் கண்.

எங்கே போய்விடுமோ என்று அவசரமாக வரைந்தார். நிமிர்ந்தால் அந்தக் கண் இல்லை. பக்கத்தில் இன்னொரு கண்... மூக்கு... உதடு.

வரைய வரைய ஒவ்வொன்றாக மறைந்தது. அவருக்கு அது புரிந்தது. புரிந்தும் கை நிற்கவில்லை. குழந்தைக்கு ஒரு முகம் வேண்டுமே!

சர்ர்... சர்ர்... பென்சில் சத்தம்.

மிச்சம் உதடுகள்.

அசைந்தன...

வரைந்தார்.

வீட்டில் மகள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மா ஏதோ சொல்ல வர்றாங்கப்பா." ஆமாம், உதடுகள் பாதி திறந்திருந்தன. மற்றபடி அச்சாக என் தங்கை. நான் அழுதுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வகுப்பு வாசலிலேயே டெய்லரை நிறுத்தினாள்.

"அண்ணே, போன வாரம் எனக்குப் பின்னாடி உங்களோட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லையேம்மா."

"ஒரு பொம்பளைக் குரல்ண்ணே. காதுக்குப் பக்கத்துல. அசையக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பத் திரும்ப ஒரே பேச்சு... 'வாயை மட்டும் விட்டுடுங்க. பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்.'"

"அப்புறம்?"

"பாதியிலயே நின்னுபோச்சு."

டெய்லர் வீட்டுக்கு ஓடினார். படத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே இடத்தில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து, ரப்பரால் உதடுகளை அழித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

முடி மட்டும்தான் இருந்தது.

இன்றும் ஞாயிறு தவறாமல் அங்கேதான் உட்காருகிறார். வீட்டில் மகள் இப்போது வேறு கேள்வி கேட்கிறாள்.

"அம்மாவுக்கு ஏன்ப்பா வாய் இல்லை?"