ஆற்றின் நடுவே என் பெருவிரல்

ஜெர்மனியின் ஆஹென் நகரில் இரண்டு தச்சுப்பட்டறை, மூன்றடுக்கு வீடு, ஊரில் ஒரு கிணறு. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான் கட்டியவை இவை. ஒருவரும் ஓர் ஆணிகூட எடுத்துத் தரவில்லை. இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. போன கிழமை மகள் என்னை ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். பக்கத்து அறையில் யாரோ வரைந்துகொண்டிருக்க, வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் மணந்தது. நிமிர்ந்தால் சுவரில் எங்கள் லாகூர்க்காரர் வரைந்த ஆறு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஒரே வீட்டின் நாலாம் மாடி. நானும் என் ஊர்க்காரன் சிவமும் ஓர் அறையில், அந்தப் பாகிஸ்தான் ஓவியர் எதிர் அறையில். நீர்வண்ணத்தில் ஜெர்மன்காரருக்கு அவர்களுடைய தேவாலயத்தை வரைந்து விற்பார். எண்ணெய் வண்ணத்தில் தனக்கு லாகூரை வரைவார். எங்கள் மீன்குழம்பில் சூடு ஆறுமுன் கைவைப்பார். சிவம் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிச் சொல்லி, அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுவாயிற்று.

அவருடைய விசா முடியப்போனது. அவர் வரைந்துகொண்டிருந்த பெரிய ஆற்றுப் படம் சனிக்கிழமை மாலைக்குள் வந்தால் கண்காட்சி வைக்கலாம், விசாவுக்கும் பேசலாம் என்றாள் காட்சிக்கூடத்து அம்மா. சனி மத்தியானம் தூக்கினோம். படி வளைவில் படம் திரும்பவில்லை. அதன் சட்டத்தை அறைக்குள்ளேயே வைத்து அடித்தவன் நான்தான். நல்ல சட்டம். படியை அளக்க மட்டும் எனக்கும் ஓவியருக்கும் தோன்றவில்லை. துணியைக் கழற்றிச் சுருட்டலாமென்றால் வண்ணம் காயவில்லை.

"அண்ணை, பேசாமல் கூரையைக் கழட்டுங்கோ" என்றான் சிவம்.

"யன்னலால இறக்குவம்" என்றேன்.

ஓவியர் தெருவுக்கு ஓடினார். கயிறு கட்டி வெளியே தள்ளியதும் காற்று படத்தைப் பாய்மரம்போல் தூக்கி என்மேல் திருப்பி எறிந்தது. ஒரு கையில் கயிறு, மறு கையால் தடுத்தேன். பெருவிரல் ஈர ஆற்றில் புதைந்தது. கீழே அவர் "மெல்ல, மெல்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, விட்டிடாதையுங்கோ. நீங்கள் விழுந்தா வேற தச்சன் பிடிக்கலாம். படம் விழுந்தா வேற படமில்லை."

"கதைக்காமல் பிடியடா."

உள்ளங்கைத் தோல் உரிய இறக்கினோம். கீழே போனபோது அவர் ஆற்றின் நடுவே இருந்த தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பின்னால் மறைத்தேன். பிறகு கோட்டுப் பையிலிருந்து தூரிகை எடுத்து, தடத்தின் மேல் இரண்டு கோடு இழுத்தார். அது படகாயிற்று.

"இது உன்னுடையது" என்றார் ஜெர்மனில்.

நடந்தே சுமந்து போனோம். கண்காட்சி நடந்தது, விசாவும் நீண்டது.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சிவம் இல்லை, லாகூர்க்காரரும் இல்லை. கண்காட்சியில் விளக்கம் சொன்ன பெண், அந்தத் தனிப் படகு ஓவியரின் ஏக்கம் என்றாள். கிட்டப் போய்ப் பாருங்கள், படகின் உடம்பில் என் ரேகை ஓடுகிறது. படத்தின் கீழுள்ள அட்டையில் அவர் பெயருக்கு அடியில் இடம் கிடக்கிறது. அங்கே ஒரு வரி எழுதட்டும்: சட்டமும் படகும், எதிர் அறைத் தச்சன்.