ஏழாவது கடா

எங்கள் பெத்தேலிலிருந்து விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு எருசலேம் கோயிலுக்குப் போய்விடலாம். நாடு இரண்டாகி, வடபாதிக்குப் புது ராஜா வந்த பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான தூரம் என்று எங்களுக்குத் தெரிந்தது. ஜனங்கள் நடந்து வருந்தக் கூடாதென்று உருகிய அவர், எங்கள் ஊரிலேயே பொன்னால் ஒரு கன்றுக்குட்டி செய்து வைத்து, எகிப்திலிருந்து நம்மை மீட்ட தெய்வம் இதுதான் என்றார். முற்பிதா யாக்கோபு தலைசாய்த்து, கனவில் தெய்வத்தைக் கண்ட புனித பூமி எங்கள் ஊர். கன்றுக்கும் தோதாக அமைந்துவிட்டது. எருசலேமுக்குப் போகும் ஜனம் அங்குள்ள ராஜாவோடு சேர்ந்துவிடும் என்ற பயமே காரணம் என்பவர்கள் நன்றிகெட்டவர்கள்.

என் பக்கத்து வீட்டு ஓக்லாளுக்கு மட்டும் கால் வலிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் கூடாரப் பண்டிகையின்போது எருசலேமில் ஒரு கடா பலியிடுவதாக நேர்ந்திருந்தாள். மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஏழாம் மாதம் பண்டிகை வந்ததும் வழக்கம்போல் மாடியில் தழைக்குடில் கட்டிவிட்டு, கடாவை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எல்லையில் காவலன் மறித்தான். "எங்கக்கா இந்த வெயில்ல? ஒன் காலை நெனச்சு ராஜா தூங்காம கெடக்காரு."

"என் காலு, நான் நடக்கிறேன். அவருக்கு எங்க வலிக்குது?"

"திரும்பிப் போயிடுக்கா. இல்லைன்னா அந்தக் காலை நாங்க ஒடைக்க வேண்டி வரும்."

திரும்பி வந்தபோது கணவன் சாப்பாத் குடிலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பண்டிகையை ராஜா எட்டாம் மாதத்துக்கு மாற்றியிருந்தார். பரம்பரைப் பூசாரிகளான லேவியரை விரட்டிவிட்டதால் புதியவர்கள் தேவைப்பட்டார்கள். தகுதி: ஒரு காளை, ஏழு கடா. உழுது சலித்த சாப்பாத்திடம் காளை இருந்தது; பக்தியில் ஒரு கடா குறைந்தது.

"ஊரே பாக்க ஒரு மாசம் முன்னால குடில் கட்டுறியே, எனக்கு எவன்டி பதவி குடுப்பான்?" என்றவனின் பார்வை அவள் கையிலிருந்த கயிற்றில் நின்றது.

"இது சாமிக்கு நேந்தது."

"இங்க இருக்கறதும் சாமிதான். கிட்டத்துல இருக்கு, அவ்வளவுதான்."

"போன மாசம் தட்டான் பட்டறையில கெடந்தது சாமியா?"

"மெதுவாப் பேசு. பூசாரி பொண்டாட்டி பேசற பேச்சா இது?"

எட்டாம் மாதம் கன்றின் முன் ஏழு கடாக்களும் விழுந்தன. புதுப் பூசாரி தன் பங்கான வலதுதொடையோடு வீட்டுக்கு வந்தான்.

"உன் நேர்ச்சையும் தீந்துது, எனக்குப் பதவியும் ஆச்சு. ஆக்குடி."

ஆக்கினாள். அவள் வாயில் வைக்கவில்லை. மகள் ஆசையாகத் தின்றாள்; நடுவில் லேசாக இருமினாள். கறி தொண்டையில் சிக்கியிருக்கும் என்றான் சாப்பாத். ஓக்லாள் கையைத் துடைக்காமலே மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. மறுபடியும் தொட்டாள்.