நிற்காத காரில் நானும் மாமியும்

என் கணவர் காரிலிருந்து குதித்து ஓடியதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

எங்களுடையது பழைய டீசல் கார். போன மழைக்காலத்திலிருந்தே பின்னால் நீலமாகப் புகை விட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவில் ஆயில் கசிகிறது, உடனே மாற்ற வேண்டும் என்றார்.

"இப்பிடியே ஓட்டினா ஒருநாள் எஞ்சின் அதுக்க ஆயிலையே குடிச்சிட்டுத் தன்னால ஓடும். சாவியத் திருப்பினாலும் நிக்காது, கேட்டியளா. அப்பம் பிரேக்க நல்லா மிதிச்சிட்டு, டாப் கியர்ல போட்டு கிளட்ச பட்டுன்னு விடணும். திணறி நின்னிரும்."

என் கணவர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது டர்போவைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"பொக வராத டீசல் வண்டி எங்கட்டி இருக்கு? அவனுக்கு வேலை வேணும், அதுக்குச் சொல்லுதான்" என்றார். அதோடு முடிந்தது.

மாமிக்கு, இவருடைய அம்மாவுக்கு, முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆள் பிடித்தால்தான் காரில் ஏறவோ இறங்கவோ முடியும். அன்று காலை அவரைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனோம். மாமி பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புதுக்கடை ஜங்ஷனில் ஒரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றதால் நாங்களும் கியரை நியூட்ரலில் போட்டு நின்றோம்.

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே எஞ்சின் சத்தம் ஏறியது. இவர் குனிந்து காலைப் பார்த்தார். சத்தம் அலறலாகிவிட்டது. கார் மொத்தமும் நடுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை எழும்பி, கடைகளே தெரியவில்லை. இவர் சாவியைத் திருப்பி உருவினார். எஞ்சின் நிற்கவில்லை. கையிலிருந்த சாவியை ஒருமுறை பார்த்தார். கதவைத் திறந்தார். போய்விட்டார்.

என்னிடமும் தன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"மக்கா, எங்க போற?" என்று மாமி கேட்டது அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

யாரோ வெளியிலிருந்து, "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினார்கள். மாமியை நான் எப்படி இறக்குவேன்? கியர் கம்பியில் சேலை சிக்கிக் கிழிய, டிரைவர் சீட்டுக்குத் தாவினேன். லைசென்ஸ் எடுத்த பிறகு அந்தச் சீட்டில் அவர் என்னை அதிகம் உட்காரவிட்டதில்லை. பஸ் போய் முன்னால் இடம் காலியாக இருந்தது. அப்படியும் குறுக்கே வந்தவர்களைக் கைகாட்டி விலக்கினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒரு காலில் பிரேக்கையும் மறு காலில் கிளட்சையும் ஆழமாக மிதித்து, கியரை ஐந்தில் தள்ளினேன்.

"மாமி, நல்லா புடிச்சுக்கிடுங்க."

கிளட்சை விட்டேன். கார் முன்னால் ஒரு குதி குதித்து, பல்லை உடைப்பதுபோல் உலுக்கியது. உடனே எஞ்சின் அடங்கிவிட்டது. மாமி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. டீக்கடை ஓரமாக, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருகில் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒனக்கு அறிவில்லியா? எறங்க வேண்டியதுதானே?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நாலு பேர் விசாரித்தார்கள். "நான் வெளிய எறங்கி ஆளுவள வெலக்குனேன். இவ உள்ள இருந்து வண்டிய நிறுத்துனா. ரெண்டு பேருமாச் சேந்துதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அந்த இடம் தாங்காது என்று மாமியைப் பிடித்துக்கொண்டு கிளம்பத் திரும்பினேன்.

மாமிதான் பேசினார், எல்லார் முன்னாலும், சாதாரணமாக.

"ஏலே, எனக்குக் கால் முடியாது, நான் எறங்கல. இவளுக்குக் கால் நல்லாத்தான் இருக்கு, இவளும் எறங்கல. நீ எதுக்குல எறங்குன?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் இன்றுவரை கேட்கவில்லை. டர்போவை நானே நின்று மாற்ற வைத்தேன். மாமியை ஆஸ்பத்திரிக்கு இப்போது நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். கூட வருகிறேன் என்று அவர் கிளம்பினால், பஸ்ஸில் வரச் சொல்கிறேன்.