ஏரிக்கு அடியில் போன நாஷ்

அகதா கடைசியாக ஒரு முழுத் தூக்கம் தூங்கியது 1946ஆம் வருஷம் நவம்பரில். அன்று காலை அவள் புருஷன் காஸிஸ் இன்னும் மூன்று பேரோடு கெனோஷா துறையிலிருந்து மீன்பிடிப் படகேறி மிச்சிகன் ஏரிக்குள் போனான். மத்தியானம் காற்று வடக்கே திரும்பியது. இரண்டு நாள் கழித்து அந்தப் படகின் கதவுப் பலகை ஒன்று மட்டும் கரை ஒதுங்கியது. வேறு எதுவும் வரவில்லை.

உடல் வராததால் அழுது முடிக்கவும் முடியவில்லை. பாதிரியார் பூசை வைத்தார், ஊரார் வந்து கையைப் பிடித்தார்கள். ஆனால் ராத்திரி படுத்தால் அகதாவின் காது மாடிப்படிப் பக்கமே போய் நின்றுகொள்ளும். கண் மூடும்; தூக்கம் வராது. தங்கை தெக்லாவும் அவள் புருஷன் யோனாஸும் கீழே குடியிருந்தார்கள். மாடியில் அகதா புரண்டு படுக்கும்போதெல்லாம் அவர்கள் தலைக்கு மேல் பலகை முனகும்.

பகலில் அவளுக்கு நாஷ் கார் ஆலையில் வேலை. தையல் பிரிவில் சீட்டு உறை தைப்பாள். நாஷ் காருக்கென்று ஒரு தனிப் பேர் இருந்தது. முன் சீட்டின் சாய்மானத்தைப் பின்னால் தள்ளினால் அது பின் சீட்டோடு போய்ச் சேர்ந்து கட்டிலாகிவிடும். அளவெடுத்த மெத்தையும் ஜன்னலுக்குக் கொசுவலையும்கூடத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். மலைக்குப் போகிறவர்கள், ஊர் ஊராகச் சரக்கு விற்கிறவர்கள், விடுதிக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் எல்லாரும் அகதா தைத்த தையலின் மேல்தான் படுத்தார்கள்.

"நாடே உன் மடியில தூங்குது அண்ணி, உனக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்பான் யோனாஸ். தெக்லா அவனை மேசைக்கடியில் உதைப்பாள்.

1952 வசந்தத்தில் ஆலைக்குப் புதுத் துணி ஒன்று வந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் நீலக் கோடு. படுத்தால் தையல் இழுக்கிறதா என்று பார்க்க ஃபோர்மேனுக்கு ஆள் தேவைப்பட்டது.

"ஏம்மா அகதா, உன் உசரம்தான் சரியா இருக்கும். செத்த நேரம் அந்தச் சீட்டுல படுத்துக் காட்டேன்."

"சாப்பாட்டு நேரத்துலயா?"

"ரெண்டே நிமிஷம். பாத்துட்டு விட்டுடறேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். ஃபோர்மேன் குனிந்து ஓரத்தைப் பார்த்தார், தலையாட்டினார், பென்சில் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது அகதா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. நூறு மிஷின்கள் ஒரே நேரத்தில் தடதடத்தன. அவள் அசையவில்லை. ஆறு வருஷமாக அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துப் பழகிய பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சைகை காட்டி அடக்கினார்கள். நாற்பது நிமிஷம் யாரும் எழுப்பவில்லை.

அந்த நாற்பது நிமிஷத்தில் அகதா கார் ஓட்டினாள். நிஜத்தில் அவளுக்கு ஓட்டத் தெரியாது. கனவில் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. சாலை ஏரிக்கு அடியில் போனது. இரண்டு பக்கமும் மணல், வெள்ளையாக, யாரோ காலையில் பெருக்கிவிட்டுப் போன மாதிரி. தலைக்கு மேலே வெகு உயரத்தில் படகுகளின் அடிவயிறு நிழல் நிழலாக நகர்ந்தது. பக்கத்து சீட்டில் காஸிஸ் உட்கார்ந்திருந்தான். அவன் கோட்டு காய்ந்திருந்தது. புகைபோட்ட மீனைத் தாளில் பிரித்து வைத்துக்கொண்டு நிதானமாகத் தின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

கண் விழித்ததும் அகதா சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு ஒரு நாஷ் வேணும்."

சோளவிதை விற்பனைக்காரர் ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிய வெளிர்பச்சை நாஷ் அம்பாசடர் அந்தக் கோடையில் அவளுக்குக் கிடைத்தது. கவிழ்த்து வைத்த குளியல் தொட்டி மாதிரி உருண்டு திரண்ட வண்டி. முன் சக்கரம்கூடப் பாதி மூடியிருக்கும். அதைத் திருப்ப ஒரு வயக்காடு வேண்டும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இன்னொரு கேலியும் உண்டு. பையன் நாஷில் வந்தால் பெண்ணை அனுப்பக்கூடாது என்று அப்பாக்கள் வாசலிலேயே மறித்து நிற்பார்களாம்.

தெக்லா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "அக்கா, உனக்கு நாப்பத்தி நாலு வயசு. புருஷனப் பறிகொடுத்தவ. இப்ப நாலு சக்கரத்துல படுக்கையறை வாங்கி நிறுத்தியிருக்க. சாமியார் என்ன சொல்லுவாரு?"

"அவருக்கும் வேணும்னா வாங்கிக்கட்டும்."

"ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"கனவுல ஓட்டிட்டேன்."

யோனாஸ் சிரித்துச் சிரித்து வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஸ்வென் தோருப். ஆலையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு மைல் ஓட்டிப்பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. டேனிஷ்காரன், ஐம்பதை நெருங்கியவன், கல்யாணம் ஆகவில்லை. வாயைத் திறந்தால் வண்டியைப் பற்றித்தான் பேசுவான். "கிளட்ச்ச மிதிக்காதீங்க, அதுகிட்டக் கேளுங்க" என்பான். மெல்ல அழுத்தி, அது எங்கே பிடிக்கிறது என்று காலால் கேட்க வேண்டும் என்பது அகதாவுக்கு மூன்றாவது வாரம்தான் புரிந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தெக்லா சமைத்த உருளைக்கிழங்கு அடையைச் சாப்பிட்டுவிட்டு, அகதா ஊருக்குத் தெற்கே ஏரிக்கரைக்குப் போவாள். பாப்லர் மரங்களுக்குக் கீழே வண்டியை ஏரியைப் பார்க்க நிறுத்துவாள். சீட்டைச் சாய்த்து, ஜன்னலில் வலையைக் கட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்துவாள். அலை கரையில் வந்து வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகும். மூடுபனி வந்தால் கண்ணாடிக்கு வெளியே உலகமே இருக்காது. அவள் தூங்கிவிடுவாள்.

அதே கனவுதான். ஆனால் போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரு ஞாயிறு உடைந்த கப்பல் ஒன்றைத் தாண்டினார்கள். அதன் கொடிமரத்தில் மீன்கள் புறாக்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்னொரு ஞாயிறு தண்ணீருக்கடியில் ஆப்பிள் தோட்டம். பழங்கள் கீழே விழாமல் மெல்ல மேலே மிதந்து போயின. காஸிஸ் ஜன்னலை இறக்கி ஒன்றைப் பிடித்தான், சட்டையில் துடைத்தான், அவளிடம் கொடுத்தான். விழித்தபின்னும் அவள் பல் கூசியது.

ஆனால் நிம்மதியாகத் தூங்க விடவில்லை ஊர். போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டுவார்: "அம்மா, உயிரோட இருக்கீங்களா?" விடலைகள் ஹாரன் அடித்துவிட்டு ஓடுவார்கள். திங்கட்கிழமை பக்கத்துத் தையல் மிஷின் பெண்களிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். யார் வழியாகவோ ஸ்வெனுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவள் விழித்தபோது வண்டிக்கு இருபதடி தள்ளிப் பாறைமேல் அவன் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"மீன் பிடிக்கிறேன்."

"இந்த இடத்துல மீனே கிடையாதே."

"அதான் அமைதியா இருக்கு" என்றான் ஸ்வென். பிறகு சொன்னான், "போலீஸ்காரர் வந்தாரு. தூங்குறாங்க, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அப்படியே பழக்கமாகிவிட்டது. அவள் தூங்குவாள், அவன் காவல் இருப்பான். விழித்ததும் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுப்பான். ஒருநாள் அவள் மனம் இளகிக் கனவைச் சொன்னாள். சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்:

"மணல்ல போறீங்களே, டயர் புதையலையா?"

"இல்ல."

"பெட்ரோல் எங்க போடுறீங்க?"

அகதா யோசித்தாள். "போடவே இல்ல."

"பாத்துக்கங்க. எண்ணெயாவது எவ்வளவு இருக்குன்னு அடுத்த வாரம் பாத்துட்டு வாங்க."

அவன் முகத்தில் கேலியே இல்லை. அடுத்த வாரம் அவள் கனவில் நிஜமாகவே வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் சரியாக இருந்தது. வந்து சொன்னாள். ஸ்வென் நிம்மதியாகத் தலையாட்டினான்.

வருஷங்கள் இப்படிப் போயின. 1954இல் நாஷும் ஹட்சன் என்ற இன்னொரு கார்க் கம்பெனியும் ஒன்றாகிப் புதுப் பேர் வந்தது. 1957இல் நாஷ் என்ற பேரே வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது. இனி எல்லா வண்டிக்கும் ராம்ப்ளர் என்றுதான் பேர். அகதாவுக்கு அதே நாற்காலி, அதே ஊசி, கிட்டத்தட்ட அதே சீட்டு. கடைசி நாஷ் போன அன்று ஸ்வென் வழக்கம்போல ஒரு மைல் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். "நல்லா இருந்துச்சு" என்றான்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு. கனவில் சாலை ஒரு வளைவு வளைந்தது. அங்கே நாலைந்து குடிசைகள், காயப்போட்ட வலைகள், வாசலில் புகைபிடித்தபடி மூன்று ஆட்கள். காஸிஸ் தாளை மடித்துப் பையில் வைத்தான். ஐந்து வருஷத்தில் முதன்முறையாகப் பேசினான்.

"இங்க எறங்கிக்கிறேன் அகதா."

"நான்?"

"நீ ஓட்டிட்டுப் போ. ரோடு இன்னும் இருக்கு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவன் மற்ற மூன்று பேரோடு சேர்ந்து நின்று, தன் பழைய வழக்கப்படி இடுப்பில் கைவைத்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விழித்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஸ்வென் நீட்டிய காப்பியைத் தட்டிவிட்டாள். பாறையில் உட்கார்ந்து, பதினோரு வருஷம் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். ஸ்வென் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டி முடித்ததும் மறுபடி விரித்தான்.

அதற்குப் பிறகு கனவு வரவில்லை. தூக்கமும் போய்விட்டது. காரில் படுத்தால் வெறும் கூரைத்துணிதான் தெரிந்தது. தான் தைத்ததா, வேறு யாராவது தைத்ததா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாள். குளிர்காலம் முழுக்க இப்படியே கழிந்தது. ஜூன் மாதம் ஸ்வென் ஆலை வாசலில் அவளுக்காகக் காத்திருந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ரோடு எந்தத் திசைல போச்சு?"

"கிழக்க."

"அப்ப அக்கரைல, மிச்சிகன் மாநிலத்துப் பக்கம்தான் கரையேறியிருக்கும். எந்த எடத்துலன்னு போய்ப் பாத்தா என்ன? மில்வாக்கிலேருந்து கார் ஏத்திட்டுப் போற கப்பல் இருக்கு."

தெக்லா வாசலில் நின்று கேட்டாள்: "ரெண்டு பேரும் தனியாவா? அந்தக் கார்லயா?"

"பாலத்துல போகலாம்னா பாலம் இல்லடி" என்று சொல்லிவிட்டு அகதா வண்டியில் ஏறினாள்.

கப்பல் மேல்தட்டில் அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துகொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். அவள் பையிலிருந்து கறுப்பு ரொட்டியைப் பிட்டுத் தண்ணீரில் போட்டாள். கடற்காக்கைகள் பாய்ந்து கொத்திக்கொண்டு போயின. "போகட்டும், இதுங்களாவது தின்னட்டும்" என்றாள்.

அக்கரையில் மணல்மேடுகள் வெயிலில் மாவுக்குவியல்போல மின்னின. அவள் சாவியை ஸ்வெனிடம் கொடுத்தாள். "நீங்க ஓட்டுங்க. நான் பாத்துட்டு வரேன்." வடக்கே செர்ரித் தோட்டங்களுக்கு நடுவில் வண்டி போனது. ஜன்னல் வழியாக வெயிலும் நிழலும் மாறி மாறி அவள் மடியில் விழுந்தன. எங்கே ரோடு கரையேறியிருக்கும் என்று ஸ்வென் ஆராய்ந்து பேசிக்கொண்டே வந்தான். பதில் வராததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான். சாய்க்காத சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, தலை கண்ணாடியில் சாய, அகதா தூங்கிப்போயிருந்தாள்.

நிறுத்தினால் எழுந்துவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். அதனால் நிறுத்தவில்லை. ஊர் முடிந்தது, இன்னொரு ஊர் வந்தது. திரும்பவேண்டிய திருப்பத்தில் திரும்பவில்லை. இந்த வண்டியைத் திருப்புவதென்றால் குலுங்கும். சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் தூரத்திலேயே மெதுவாக்கி, பச்சை வரும்வரை உருட்டிக்கொண்டே போனான். மூன்றரை மணி நேரம் அப்படி ஓட்டினான். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து, ஒரு பசுமாட்டு வேலியோரம் வண்டி தானாகவே நின்றது.

அகதா கண்ணைத் திறந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கோம்?"

"தெரியல" என்றான் ஸ்வென். காது சிவந்துவிட்டது. "பெட்ரோல் காலி. நான்... நீங்க தூங்கிட்டீங்க."

உலகத்தில் உள்ள எல்லாருக்கும் பெட்ரோலைப் பற்றிப் புத்தி சொல்கிற மனுஷன். அகதா சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்துப் பண்ணைக்கு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். வழியில் அவள் சொன்னாள், "கனவு ஒண்ணும் வரல ஸ்வென். சும்மா தூங்கினேன்."

செப்டம்பரில் கல்யாணம். யோனாஸ் காரின் பின்னால் பழைய டப்பாக்களோடு ஒரு தலையணையையும் கட்டிவிட்டான்.

பனி உருக உப்புக் கொட்டிய குளிர்காலச் சாலைகள் அதன் தரைத்தகட்டை அரித்துத் தின்று தீர்க்கும்வரை அந்தப் பச்சை வண்டி ஓடியது. 1965இல் அதைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நாஷ் அவளை விடவில்லை. பத்து வருஷம் கழித்து, பழைய நாஷ் வைத்திருக்கிறவர்கள் தேடிப்பிடித்து அவள் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். கிழிந்த சீட்டை வேறு யாரால் அதேபோலத் தைக்க முடியும்? கொல்லையில் மிஷினைப் போட்டுத் தைத்தாள். தைக்கும்போது அவர்கள் கதை சொல்வார்கள். மொன்டானாவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை பதினைந்து கோடையும் தனியாகவே காட்டுக்குள் போய்த் தூங்கினாளாம். ஒரு கரடி வலையில் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டுப் போனதாம். பியானோ பாகங்கள் விற்றவர் மூன்று வருஷம் வாடகை வீடே இல்லாமல் அதிலேயே குடியிருந்தாராம்.

எல்லாரிடமும் அகதா ஒரு கேள்வி கேட்பாள்: "அதுல படுத்தா கனவு வருமா உங்களுக்கு?"

அயோவாவிலிருந்து வந்த பெரிய ஆகிருதியுள்ள ஒரு விவசாயி இதற்கு வெட்கப்பட்டார். "இல்லம்மா. படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிடுவேன். ஒண்ணும் தெரியாது."

"ரொம்ப நல்லது" என்று அகதா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவர் கூலியோடு ஒரு சாக்குச் சோளமும் இறக்கிவைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஸ்வென் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்தான். ஆளுக்கு மூன்று கதிர், வெண்ணெய் முழங்கைவரை வழிய, கொல்லையிலேயே உட்கார்ந்து தின்றார்கள்.