டம்ளர் உடைந்தால் யாரும் திட்டாத ஊர்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அலுவலகத்தை ஒட்டி ஒரு மாமாக் கடை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். நான் வந்த புதிதில் ஒரு மதியம், பரிமாறுபவர் கைதவறி ஒரு கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்துவிட்டார். முதலாளி நிமிர்ந்து பார்த்து, "தாக் அப்பா, தாக் அப்பா" என்றார். மலாய் மொழியில் பரவாயில்லை என்று அர்த்தமாம். என் காதில் 'அப்பா' மட்டும்தான் விழுந்தது. இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்திருந்தேன்.

"கிளாஸ்தானே லா! ஏம்மா இப்படி நடுங்குற?" என்றார் எதிரில் இருந்த தேவி அக்கா. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும்; என்னோடு வேலை செய்பவர்.

எங்கள் வீட்டில் இன்னதுதான் நடந்தது என்று ஒருநாளைப் பிரித்துச் சொல்ல முடியாது. தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மாவின் முகம் மாறும். நான் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வேன். அடி விழுந்த நாளும் உண்டு, விழாத நாளும் உண்டு. காத்திருந்தது மட்டும் தினமும். அந்த வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் விமானம் ஏறினேன். ஆனால் இங்கே மாலை மழை பிடித்துக்கொள்ளும்போதெல்லாம், என் தலையைத் துவட்டிவிட்ட அம்மாவின் கைக்காக ஏங்கிப்போகிறேன்.

அக்கா வற்புறுத்தியதால் ஒரு மருத்துவரிடம் போனேன். "ஆர் யூ சேஃப் அட் ஹோம்?" என்று கேட்டார். பன்னிரண்டாவது மாடி, கீழே காவலாளி இருக்கிறார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். தூக்கம் வந்தது, பயம் அப்படியே இருந்தது. அடுத்து ரவாங்கில் தமிழில் பேசும் ஒரு மனநல ஆலோசகர். "பெத்தவங்கம்மா. மன்னிச்சிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். திரும்பும் ரயிலில் நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போலக் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"செருப்பு கடிச்சா மாத்த மாட்டியா? இதையும் மாத்து லா" என்றார் தேவி அக்கா. இந்த முறை கிள்ளானில் ஒரு பெண் ஆலோசகரிடம் போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டோம்: சிறு வயதிலிருந்தே பயந்து வளர்ந்தவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா, அதற்கென்று படித்திருக்கிறீர்களா என்று. அந்த அம்மாள் கேள்விக்குக் கோபப்படவில்லை. அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. போதும்னு தோணுச்சுன்னா கைய காட்டுங்க, நிறுத்திடலாம்" என்றார் நேரில். காம்ப்ளெக்ஸ் ட்ராமா, அதாவது அடுக்கடுக்கான மனக்காயம், என்ற பெயரை அவரிடம்தான் கேட்டேன். "ஒரே ஒரு எக்சிடெண்ட்னா வேற. இது வருஷக்கணக்கா நடந்தது. உங்க உடம்பு காவலுக்கு நின்னே பழகிடுச்சு. மெதுவாத்தான் உக்கார வைக்கணும்."

மெதுவாகத்தான் உட்கார்ந்தது. சில வாரங்கள் மறுபடி எழுந்தும் நின்றது. என்னைப் போல வந்து, யாரிடம் போவது என்று தவிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முதல் ஆள் சரிவரவில்லை என்றால் குறை உங்களிடம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

அம்மா ஒவ்வொரு வாரமும் அழைப்பார். "அப்பா இப்பல்லாம் அடங்கிட்டாருடி. ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போ." போ என்றோ போகாதே என்றோ ஆலோசகர் சொல்லவில்லை. "யாரைப் பார்க்கணும்னு ஆசை? எங்க பார்த்தா உங்களுக்குப் பயமில்லாம இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

விடுப்பில் போனபோது வீட்டுக்குப் போகாமல், எங்கள் ஊருக்குப் பஸ் மாறும் திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அம்மா கத்தரிக்காய்க் குழம்போடு வந்தார். "சொந்த ஊரை வச்சுக்கிட்டு லாட்ஜா?" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. சாப்பிட்டதும், ஒரு நிமிஷம் என்று சொல்லிப் படுத்தவர், என் கையைப் பிடித்தபடியே அயர்ந்து தூங்கிவிட்டார். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

கீழே ஒரு கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைக் கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்போல இருந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்துபோய், அந்தச் சத்தத்தில் அம்மா விழித்துவிடாதபடி ஜன்னலைச் சாத்தினேன்.