அப்பா வாங்கிக்கொண்ட பெயர்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பந்தியில் உட்காருவதற்கு முன்பே இந்தப் பக்கங்களைப் படித்துவிட வேண்டுகிறேன். சாப்பிட்ட பிறகு படித்தால் சிலருக்குச் செரிக்காது. அம்மாவிடமும் தங்கையிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு, மூத்த மகள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அப்பா சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊரொன்றில் பிறந்தவர். மழையை நம்பிப் பிழைக்க முடியாமல் இளவயதிலேயே நெய்வேலிக்கு வந்து சுரங்கத்தில் பிட்டராகச் சேர்ந்தார். முதலில் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனன்ட். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அம்மாவை அழைத்துவந்தார். நாங்கள் இரண்டு பெண்களும் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். நினைவு மலர் என்பதற்காக அப்பாவை மகானாக்கப் போவதில்லை. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சீட்டாட உட்கார்ந்தால் வீட்டை மறந்துவிடுவார். பாட்டு என்று ஒன்று பாடுவார், அக்கம்பக்கம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். ஆனால் அவரிடம் இல்லாத ஒரு குறையைச் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து அவர் தலையில் கட்டியது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

நாற்பது வயதை எட்டும் முன்பே அப்பாவுக்குச் சர்க்கரை நோய் கண்டது. மாத்திரைக்கு அடங்கவில்லை. "இனி இன்சுலின்தான். ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தீங்க, சர்க்கரை கீழ இறங்கி ஆளே மாறிப்போயிடுவீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் அடுப்பில் முதலில் ஏறியது காப்பித் தண்ணீர் அல்ல, கண்ணாடி ஊசி வேகவைக்கும் தண்ணீர். குளிர்சாதனப் பெட்டி இல்லை. மருந்துப் புட்டியை ஒரு டம்ளரில் வைத்து, தண்ணீர்ப் பானைக்குள் மிதக்கவிடுவார் அம்மா. சோதனைக் குழாயில் மருந்தோடு சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்ப்பது தங்கையின் வேலை. நீலமாகவே நின்றால் அப்பா சிரிப்பார். சர்க்கரை ஏறிச் செங்கல் நிறம் வந்தால் அன்று யாரும் அவரிடம் வாய்கொடுக்க முடியாது.

வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ஷிப்ட் மாறினால் சோறு தின்னும் நேரம் மாறும், ஊசி நேரமும் கூடவே மாறும். அந்தக் கணக்கைத் தவறவிடாமல் வேலை பார்த்தார். எந்தச் சட்டை போட்டாலும் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். வீட்டுக்கு வெளியே இது தெரிந்தவர் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர்தான். மற்ற யாருக்கும் தெரியக் கூடாது என்று அப்பா எங்கள் மூவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். வயதுக்கு வரப்போகும் இரண்டு பெண்கள் வீட்டில் இருந்தோம், காரணம் அதுதான்.

என் கல்யாணம் எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருவதிகைக்காரர்கள். அன்று காலையும் அப்பா வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு, இட்லித் தட்டோடு உட்கார்ந்தார். அந்நேரம் பார்த்து அவருடைய அக்கா, எங்கள் அத்தை, உள்ளே வந்தார்.

"அடப்பாவி! தாரை வார்க்கிற கை எச்சில் படலாமா? தாலி ஏறினப்புறம் வயிறு முட்டத் தின்னு, யாரு வேண்டாங்கா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பெண்ணைப் பெற்றவன் முகூர்த்தம் முடியும்வரை பட்டினி கிடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதே அறையில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்ன சொல்வார்? எழுந்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். வெற்று மார்பில் ஒரு துண்டு. பொட்டலம் ஆணியில் தொங்கிய சட்டையில் இருந்தது.

நான் மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அப்பாவுக்கு வேர்த்தது. பிறகு கை ஆடிச் செம்புத் தண்ணீர் ஐயர் மேல் கொட்டியது. மாமனார் தாங்கிப் பிடிக்கப் போனார், அப்பா அவர் கையைத் தட்டிவிட்டு, "போடா அங்கிட்டு!" என்று குழறிக் கத்தினார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டாரு போல" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "பாண்டிச்சேரி சரக்கா இருக்கும். பொண்ணு வூட்டு லட்சணத்த பாருங்க!"

மதுவிலக்கு இருந்த காலம் அது. அந்தச் சொல் பந்தல் முழுவதும் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரை அப்பா வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். அதையும் "போதை தெளிய மோர் குடுக்கறாங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தராவது கிட்டே வந்து வாயை மோந்து பார்த்திருக்கலாமே! நாற்றமே இல்லாத சாராயம் எந்த ஊரில் காய்ச்சுகிறார்கள்?

அப்பாவுக்கு மெல்லத் தெளிந்தது. மாமனார் எதிரே நின்று, "சம்பந்தி, உள்ளத சொல்லுங்க. குடிச்சீங்களா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார். அப்பா அம்மாவின் கையை அழுத்திப் பிடித்தார்.

"ஆமாங்க. கல்யாண சந்தோஷம், கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. மன்னிச்சிருங்க" என்று எல்லோர் முன்னாலும் கும்பிட்டார்.

தாலி ஏறியது. அதன் பிறகு அம்மா தனியே அழைத்துப்போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அப்பா சொன்னாராம்: "குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பான். ஊசி போடுற வீட்டுல எடுப்பானா? ரத்தத்துல வரும், பேரன் பேத்திக்கும் வரும்பான். சின்னவ இருக்காள்ல." எத்தனை சரியாகக் கணித்தார் பாருங்கள்! தங்கைக்கு நல்ல இடம் அமைந்தது. "அப்பன் கொஞ்சம் குடிப்பாரு, மத்தபடி குறையில்ல" என்றுதான் தரகரே சொல்லி வைத்தார்.

தங்கை போன இடத்திலும் அதே பயம். அதனால் அந்தப் பெயரை அப்பாவால் கழற்றவே முடியவில்லை. நல்ல காரியங்களில் அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தீர்கள். என் மகனுக்குப் பெயர் வைத்த நாளில் குழந்தையை அவர் மடியில் தரவில்லை, கை நடுங்குமாம். காலில் பட்ட காயம் உணர்ச்சியில்லாமல் புரையோடி, காலை எடுத்தபோது, "குடி யாரத்தான் விட்டது" என்று பழம் வாங்கி வந்தவர்களே சொன்னீர்கள். கண் மங்கி, சிறுநீரகம் கெட்டு, போன வருடம் போய்ச் சேர்ந்தார். சாகும்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டுகூட ஆகவில்லை.

நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? அப்பா வேளைக்குச் சாப்பிடுவதற்காகத் தன் ஷிப்டை மாற்றிக்கொடுத்து, ரகசியத்தையும் இறுதிவரை காத்த நண்பருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முகம் சுளிக்காமல் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

இத்தனை வருடம் பொறுத்த நாங்கள் இப்போது ஏன் வாய் திறக்கிறோம் என்று கேட்பீர்கள். பதினாறாம் நாள் படையலில் எங்கள் சித்தப்பா மடியிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்து இலையோரம் வைத்தார். "அண்ணனுக்குப் பிடிச்சது. ஆசையோட போகக் கூடாது" என்று கண் கலங்கினார். அன்போடுதான் வைத்தார். அதுவரை கல்லாக இருந்த அம்மா அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் வெடித்து அழுதார். புருஷன் போன துக்கம் என்று பெண்கள் தேற்றினார்கள். அன்று மாலையே தங்கை சொன்னாள்: "எழுதுக்கா. எங்க மாமியாரும் படிக்கட்டும். என்ன ஆகுதோ ஆகட்டும்."

இன்று படையல் இலையில் லட்டும் அதிரசமும் பாயசமும் நிறைய வைத்திருக்கிறோம். இனி அவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சித்தப்பா, இன்றைக்கும் மடியில் ஏதாவது கொண்டுவந்திருந்தால், அதை வெளியே கொட்டிவிட்டு உள்ளே வாருங்கள். எங்கள் அப்பா குடிக்க மாட்டார்.